பதினான்கு தாளிலும் ஒரே பதில்

என் ராசா,

நல்ல செய்திகளை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றது பிறகு. உன் அக்கா மகள் மங்கை பத்தாம் வகுப்பில் பொன்னேரிப் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்துவிட்டாள். கணக்கில் தொண்ணூற்றாறு. மீதி நாலு எங்கே போச்சு என்று உன் அக்கா கேட்டாளாம். "நீ எத்தினிமா வாங்கினே?" என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். மங்கையின் அண்ணனுக்கு மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாலு மாதம் ஆகிறது. காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு சோற்று டப்பாவோடு அவன் பஸ்ஸுக்கு நடக்கிற அழகைப் பார்க்க நான் வாசலுக்கு வந்துவிடுவேன். இவர்கள் தம்பி மாவட்டப் போட்டியில் நீச்சலில் இரண்டாவது. முதலாவது வராததற்கு அவன் ஒரு காரணம் வைத்திருக்கிறான்: ஏரியின் உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், குளத்துத் தண்ணீர் கீழே இழுக்கிறதாம். உன் தம்பி மகளுக்கு நாலு வயது முடியவில்லை, ஈரமணலில் குச்சியால் தன் பெயரை எழுதுகிறாள். அலை வந்து அழித்தால் அலையைத் திட்டுகிறாள். உன் மகள் டில்லியில் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதைப் பழவேற்காடு பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டேன். அவர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும், "இன்னாமா, பேத்தி இன்னிக்கு இன்னா பேசினா?" என்று கேட்கிறார்.

இனி உன் தாள்களைப் பற்றி எழுதவேண்டும். இதை எழுத எனக்குப் பத்து நாள் பிடித்தது. நீ அனுப்பிய கட்டு பத்திரமாக வந்தது. கடலோர ஊர்களில் இருக்கும் பெண்கள், கடல் ஏன் உள்ளே வருகிறது, மழை ஏன் முன்போல் வருவதில்லை, ஏரி ஏன் தூர்ந்துபோகிறது என்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று உன் ஆபீஸ் கேட்கிறது. "அம்மா, நீ படித்தவள், நீயே கேட்டு நிரப்பி அனுப்பு" என்று எழுதியிருந்தாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவளைப் படித்தவள் என்று நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்துக்கொண்டேன். இந்தப் பதில்களை வைத்துத்தான் அறிக்கை எழுதப்போவதாகவும், முகத்துவாரத்தை வெட்டித் திறப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் மேலே முடிவு செய்வார்கள் என்றும், அடியில் உன் கையெழுத்து இருக்கும் என்றும் சொல்லியிருந்தாய். பூமியே சூடாகிக்கொண்டு வருகிறது, புகையால் என்கிறார்கள், கடல் இன்னும் ஏறும் என்கிறார்கள், ஆபீஸில் பாதிப் பேர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், நம் ஜனம் என்ன சொல்கிறது பார்ப்போம் என்றும் எழுதியிருந்தாய். நம் ஜனம் சொன்னதை நான் எழுதி எடுத்துவிட்டேன். பதினான்கு பேரிடம் கேட்டேன், பதினான்கு தாளும் நிரம்பிவிட்டன. ஆனால் அவற்றை அப்படியே நீ நம்பிவிடக் கூடாது. அதற்குக் காரணம் நான்தான்.

முதல் நாள் செங்கேணி வீட்டுக்குப் போனேன். உனக்கு அவளைத் தெரியும், ஏலத்துறையில் இறால் பிரிக்கும்போது எனக்கு இடப்பக்கம் உட்காருகிறவள், நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது அவள் கூடையிலிருந்து நண்டைத் திருடிக்கொண்டு ஓடியிருக்கிறாய். ஏரி ஏன் தூர்ந்துபோகிறது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஏரி கடலம்மாவோட மூச்சு. இழுத்தா மூடும், வுட்டா தொறக்கும். மனுசன் கையில இன்னா கீது?" என்றாள். எழுதிக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் அதுவே. மூன்றாவது வீட்டில் கல்யாணமாகி வந்து இரண்டு வருஷமான சின்னப் பெண், வெளியூர்க்காரி, அவளும் அதையே சொன்னாள், மூச்சு என்கிற வார்த்தையும் மாறாமல். கடல் ஏன் உள்ளே வருகிறது என்று கேட்டாலும் மூச்சு. மழை ஏன் பொய்க்கிறது என்று கேட்டாலும் மூச்சு. ஏழாவது தாளில் எழுதும்போது என் கை நின்றுவிட்டது. அந்த வார்த்தை கடலம்மாவுடையது இல்லை, என்னுடையது. நான்தான் அதை இந்த ஊருக்குப் படித்துக் காட்டினேன்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம். நீ மெட்ராஸில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். அந்த நாட்கள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன. ஐப்பசி மழைக்கு முகத்துவாரம் திறந்தால் ஊரே கரையில் நிற்கும். கடல் தண்ணீர் பச்சையாக உள்ளே ஏறுவதும், ஏரித் தண்ணீர் காவியாக வெளியே போவதும், இரண்டும் ஓரிடத்தில் முட்டிச் சுழல்வதும் பார்க்கச் சலிக்காது. அந்தத் தண்ணீரோடுதான் இறால் குஞ்சு ஏரிக்குள் வரும். தை மாதம் பூநாரைகள் வந்து இறங்கினால் தூரத்தில் ஏரிக்கு இளஞ்சிவப்புக் கரை போட்டதுபோல் இருக்கும். உன் நைனா வலைக் கழிகளைத் தோளில் போட்டுக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் நடந்து போவார், தலைமுண்டாசு மட்டும் நனையாது. நான் கரையில் நின்று அந்த முண்டாசைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அத்தனை பேரிலும் அவரை அந்த முண்டாசை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

அந்த வருஷத்தில்தான் கிளிஞ்சல் எடுக்கிறவர்கள் பெரிதாக வந்தார்கள். முன்பும் எடுத்தார்கள், கூடையில். இவர்கள் படகு படகாக வந்து ஏரியின் அடியிலிருந்த கிளிஞ்சல் திட்டுகளைத் தோண்டினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிற்று, தோண்டிய சேற்றை முகத்துவாரத்துக்குப் போகிற ஓடையிலேயே கொட்டினார்கள். அவர்களுக்காக வந்த ஏஜென்ட்டை எல்லோரும் ஏஜென்ட் சார் என்றுதான் கூப்பிடுவோம். ராசா, நீ சினிமாவில் பார்க்கிற மாதிரி மீசை முறுக்கிய ஆள் இல்லை அவர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருவார், எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். கங்கையம்மன் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தார். பேப்பரைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்து நான் வாசிப்பதை ஒரு நாள் பார்த்தார். அடுத்த தரம் மெட்ராஸ் போய் வந்தபோது எனக்கு ஒரு கண்ணாடி வாங்கி வந்தார். போட்டுப் பார்த்தேன். அரிசியில் இருந்த கல் தெரிந்தது, உன் நைனாவின் தாடியில் நரை தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொன்னேரியில் வாங்கினேன் என்று உன் நைனாவிடம் சொன்னேன். அதுவரை அவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் ரோஸ் தாளில் அச்சடித்த ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். "அம்மா, ஊர்ல நீங்கதான் படிச்சவங்க. நீங்க படிச்சா பொம்பளைங்களுக்குப் புரியும்," என்றார். மீனவப் பெருமக்களுக்கு என்று ஆரம்பித்தது. ஏரி மூடுவதும் திறப்பதும் ஆதிகாலம் முதல் நடக்கும் இயற்கை, பருவம் மாறுவது இயற்கையின் சுவாசம், மனிதர் செய்வதால் அது மாறாது, தொழிலைக் கெடுப்பவர் பேச்சைக் கேட்காதீர்கள் என்று இருந்தது. யார் அச்சடித்தார்கள் என்று அடியில் பெயர் இல்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. ஏலத்துறையில் இறால் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். இயற்கை, சுவாசம் என்றதும் செங்கேணி, "இன்னாமே இது, ரேடியோ நூஸ் மாதிரி கீது? நம்ம பாஷையில சொல்லு," என்றாள். அப்போதுதான் நான் என் புத்தியைக் காட்டினேன். இயற்கையைத் தூக்கிவிட்டுக் கடலம்மாவைப் போட்டேன். சுவாசத்தை மூச்சாக்கினேன். அவர்கள் முகம் மலர்ந்தது. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நோட்டீஸ் கொடுத்தவருக்குக்கூட அந்த வேலை அவ்வளவு நன்றாக வந்திருக்காது. மறுநாளே ஆண்கள் வலை பின்னும் இடத்தில் அதைப் பேசினார்கள்.

அதில் ஒரு வார்த்தையும் முழுப் பொய் இல்லை என்பதை நீ கவனிக்கவேண்டும். முகத்துவாரம் மூடும், திறக்கும், அது உண்மை. என் தாத்தா காலத்திலும் மூடியிருக்கிறது, நம் கோட்டைக்குப்பத்து ஆண்கள் மண்வெட்டியோடு போய் வெட்டித் திறந்திருக்கிறார்கள். பொய்யாக இருந்திருந்தால் எங்களில் ஒருத்தியாவது அன்றே பிடித்திருப்பாள். உண்மையைச் சொல்லி, அதற்குப் பின்னால் சேற்றுப் படகை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் உண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், படகைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் உன் நைனா. வலை கட்டக் கழி நடுகிற இடத்தில் தண்ணீர் குறைகிறது, ஓடை அடைபடுகிறது, சேறு கொட்டுவதை நிறுத்தச் சொல்லவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னார். பூவரச மரத்தடியில் கூட்டம், நாங்கள் பெண்கள் தள்ளி நின்றோம். ஊர்த் தலைவர் சிரித்துக்கொண்டே, "நைனா, கடலம்மா மூச்சு வுடறதுக்கு ஏஜென்ட்டாண்ட போய் இன்னா கேக்கறது? உன் வூட்டுக்காரிய கேளு, அதுதான் படிச்சிக் காமிச்சுது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் நைனா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. வலையில் எங்கே கிழிசல் என்று தேடுகிறபோது பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். இருந்தாலும் அவர் உட்காரவில்லை, மூன்று தரம் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாம் தரம் சொன்னது ஊர்ப் பேச்சை மீறியதாக ஆகிவிட்டது.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. நம் ஊரில் பாடு பிரிக்கிற வழக்கம் உனக்குத் தெரியும்: ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பெயர்ச்சீட்டுகளை எழுதுவது அந்தக் காலத்தில் நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. சீட்டுப் போடுவதற்கு முன்தினம் மத்தியானம் தலைவர் வீட்டுக்கு வந்தார். உன் நைனா ஏரிக்குப் போயிருந்தார். "இந்த வருசம் அவன் பேரு வாணாம்மா. ஊரு பேச்ச மீறினவன்," என்றார். "என் புருசன் பேர என் கையால வுடணுமா?" என்று கேட்டேன். "நீ படிச்சதத்தானே அவன் மீறினான்? அப்பறம் இன்னா?" என்றார். ஊரைப் பகைத்துக்கொண்டு இருக்க முடியாது, பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு வருஷம்தானே என்று எனக்கு நானே நூறு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பது பெயர் எழுதினேன். நாற்பத்தோராவது பெயரை எழுதவில்லை.

மறுநாள் சொம்பிலிருந்து சீட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். உன் நைனா கடைசிச் சீட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பெயர் வந்தவர்கள் எழுந்து போய்க்கொண்டே இருந்தார்கள். சொம்பைக் கவிழ்த்துக் காட்டியதும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "கஞ்சி கீதா?" என்றார். அவ்வளவுதான். அந்த வருஷம் முழுக்க ஏரியில் வலை கட்டாமல் கடலோரத்தில் அடுத்தவர் கரைவலையை இழுக்கப் போனார். நீ லீவில் வந்தபோது, "என்ன நைனா, ஏரி அலுத்துப்போச்சா?" என்று விளையாட்டாகக் கேட்டாய். "ஆமாண்டா, கடல் காத்து ஒடம்புக்கு நல்லது," என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். அன்றே உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும்.

ஆனால் அந்த ஆடி அமாவாசை அன்று அவர் ஒரு காரியம் ஆரம்பித்தார். கடல் ஏற்றத்தில் தண்ணீர் முழுதாக ஏறி நின்ற நேரத்தில், தன் பாடு இருந்த இடத்துக்குப் போய், படகு தள்ளுகிற கோலைச் செங்குத்தாக ஊன்றி, தண்ணீர் நின்ற இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டினார். அடுத்த வருஷம் பாடு திரும்பக் கிடைத்தது, ஆனால் வெட்டுவதை நிறுத்தவில்லை. அதே நாள், அதே இடம். யாராவது கேலி செய்தால், "கோலுக்கு ஏன்னு தெரியாது. எவ்ளோன்னு தெரியும்," என்பார். கண் மூடும் வரைக்கும் எட்டு வெட்டு. அதற்குப் பிறகு உன் தம்பி மூன்று வெட்டியிருக்கிறான். காளவாய் எப்போதோ மூடியாகிவிட்டது, கிளிஞ்சல் தீர்ந்ததும் ஏஜென்ட் சார் சொல்லிக்கொள்ளாமலே போனார். நான் போட்ட வார்த்தை மட்டும் போகவில்லை. சேற்றுப் படகை மறைக்கச் செய்த வார்த்தை, இன்றைக்கு நீ பூமியின் சூட்டைப் பற்றிக் கேட்டால் அதற்கும் பதிலாக நிற்கிறது. யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் அவரவர் பாட்டி சொன்னதாக நினைக்கிறார்கள்.

பதினான்கு தாளையும் எடுத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை ஏலத்துறைக்குப் போனேன். இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததெல்லாம் சொன்னேன், நோட்டீஸ், கண்ணாடி, சீட்டு, எல்லாம். செங்கேணி கையிலிருந்த இறாலைக் கூடையில் போட்டுவிட்டு, "ஏன்மே, பத்து வருசம் எங்கள மூச்சு வுட வெச்சிட்டு இப்ப வந்து பொய்யின்றியா?" என்றாள். "முழுப் பொய் இல்லடி," என்றேன். "அந்தக் கண்ணாடியத்தான் இன்னும் மாட்டிக்கினுகீறே?" என்று இன்னொருத்தி கேட்டாள். ஒரு காது உடைந்து நூல் கட்டிப் போட்டிருக்கிறேன், வேறு இல்லை என்றேன். சிரித்தார்கள். செங்கேணி சிரிக்கவில்லை. "அண்ணனுக்குச் சொன்னியா?" என்று உன் நைனாவைப் பற்றி மட்டும் கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். ஒவ்வொரு நாளும் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும், "கண்ணாடி நல்லா தெரியுதா?" என்று கேட்பார். தெரிகிறது என்பேன். அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு திரும்பக் கேட்டேன், தனித்தனியாக, ஒருத்தி சொல்வது இன்னொருத்தி காதில் விழாமல். இப்போது கட்டில் மீதியிருந்த தாள்களில் வேறுவேறு பதில் வந்திருக்கிறது. ஒருத்தி கிளிஞ்சல் என்கிறாள். ஒருத்தி சவுக்குத் தோப்பு வந்து காற்றை மாற்றிவிட்டது என்கிறாள். ஒருத்தி தெற்கே வானத்தில் தெரிகிற புகையைக் காட்டினாள். இரண்டு பேர் இன்னும் கடலம்மாதான் என்கிறார்கள், அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். செங்கேணி, "தெரிலமே. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றாள். அவள் தாளில் அதைத்தான் எழுதினேன். பழைய தாள்களையும் சேர்த்து அனுப்புகிறேன். அந்தப் பதினான்கையும் ஒன்றாக எண்ணு. ஒருத்தியின் பதில் அது, அவள் உன் அம்மா, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயரை அச்சடிக்காதவர்.

உன் தாளைப் பற்றியும் ஒன்று கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. கேள்விக்குக் கீழே டிக் போட இரண்டு கட்டம் இருக்கிறது: இயற்கை மாற்றம், தெய்வச் செயல். மனிதர் செய்வது என்று ஒரு கட்டம் இல்லையே, ஏன்? இந்தத் தாளை எழுதியது யார்? உன் ஆபீஸா, அல்லது உன் ஆபீஸுக்கு யாராவது எழுதிக் கொடுத்தார்களா? நீ நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பாய். நானும் நல்ல எண்ணத்தோடுதான் வாசித்தேன். நான் பென்சிலால் மூன்றாவது கட்டமும் நாலாவது கட்டமும் போட்டிருக்கிறேன், நாலாவது "தெரியாது". நீ இப்படித்தான் எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்னொருவர் வாய்க்குள் வார்த்தை போட்டது ஒரு தரம் போதும். யார் எழுதினார்கள் என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. விசாரிக்க முடியாவிட்டால் கையெழுத்து வேண்டாம். உன் நைனா பெயரை விட்டதற்கு என் கையெழுத்தே சாட்சி. நம் வீட்டில் அப்படி ஒன்று போதும்.

கவருக்குள் ஒரு வலைநூல் சுருட்டி வைத்திருக்கிறேன், தூக்கிப் போட்டுவிடாதே. உன் நைனாவின் கோலைத் தரையில் நிறுத்தி அளந்து, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறேன், பதினோரு முடிச்சு. சிவப்பு நூல் சுற்றிய முனை தரைக்கு வரவேண்டும். மேலே இருக்கிற முடிச்சு உன் நைனாவுக்கு மார்பளவு. கடைசி முடிச்சு, உன் தம்பி போன ஆடியில் போட்டது, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அந்த நூலைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, பக்கத்தில் உன் மகளை நிற்க வைத்து ஒரு போட்டோ எடு. அறிக்கையோடு ஒரு படம் வைத்து அனுப்பு, அவர்கள் ஏன் என்று சொல்லிக்கொள்ளட்டும், எவ்வளவு என்பதாவது அவர்கள் கண்ணில் படட்டும். இன்னொன்றை எனக்கு அனுப்பு. என்னிடம் இருக்கிற படம் இரண்டு வருஷத்துக்கு முந்தியது, உப்புக் காற்றில் ஓரம் பொரிந்துவிட்டது, அதில் அவளுக்கு முன்பல் இரண்டும் இல்லை. இப்போது முளைத்திருக்கும். அவள் தாத்தாவின் எத்தனையாவது முடிச்சு வரைக்கும் வளர்ந்திருக்கிறாள் என்று நான் பார்க்கவேண்டும். கண்டக்டருக்கும் காட்டவேண்டும். மறக்காமல் போஸ்ட்டில் போடு.

உன் அம்மா